எதில் தோற்றேன் என்று தெரிய வேண்டும்

எங்கள் விளையாட்டுக்கு வந்த வசவுகளை அலுவலகத்தில் சத்தமாகப் படிப்பது ஒரு வழக்கம். திருச்சி கே.கே. நகரில் மருந்துக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். செல்போனுக்கு விளையாட்டு செய்யும் சின்னக் கம்பெனி. மதியம் டப்பாவைத் திறக்கும்போது யாராவது ஒருவர் போனை எடுத்து, ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசிப்பார். 'குப்பை', 'போன் சூடாகுது', 'விளம்பரம் போட்டே சாவடிக்கிறீங்க' என்ற ரகம். சிரித்துவிட்டுச் சாப்பிடுவோம்.

ஒருவர் எழுதியதை மட்டும் சிரித்துக்கொண்டு படிக்க முடியவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி வைத்திருந்தார். கெட்ட வார்த்தை இல்லை, கோபம் இல்லை, ஒரு எழுத்துப் பிழை இல்லை. 'தோற்றுப்போன ஒவ்வொரு முறையும் அதே கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்க வைக்கிறீர்கள். தோற்றவருக்குக் கதை ஏற்கெனவே தெரியும்.' 'விளம்பரத்தை மூடும் குறியைக் கடுகளவு வைத்திருக்கிறீர்கள். அது கவனக்குறைவு இல்லை, திட்டம்.' 'ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. எல்லோருக்கும் வாழ்க்கை தடையில்லாமல் ஓடுகிறது என்று நினைப்பவர்கள் செய்த விளையாட்டு இது.' இப்படி வாரத்துக்கு ஒன்று வரும்.

எங்கள் விளையாட்டு வெள்ளத்தில் ஓடம் செலுத்துவது. போனை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்தால் ஓடம் திரும்பும். பாறை, சுழல், பாலத்துத் தூண் எதிலும் மோதாமல் அக்கரை சேர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், பாறை எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. புள்ளி என்பவர் கண்டிப்பாக ஒரு இன்ஜினியரிங் கல்லூரிப் பையன், படிக்காமல் ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு நம்மை வறுக்கிறான் என்று எங்கள் டீம் லீடர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவரே, "அவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்துடலாம். வாய மூடிடுவான்" என்றார். நான் எழுதினேன். பதில் வந்தது. அவரும் திருச்சிதான். 'நான் வர இயலாது. நீங்கள் செவ்வாய், வியாழன், சனி வரலாம்' என்று ஒரு மருத்துவமனையின் பெயரும் இரண்டாம் மாடி என்பதும் இருந்தது. டாக்டராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

இரண்டாம் மாடி முழுக்க டயாலிசிஸ் பிரிவு. கதவைத் தள்ளினேன். வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின். ஒவ்வொருவருக்கும் ஒரு கை அசைக்க முடியாமல் நீட்டி வைக்கப்பட்டு, அதிலிருந்து சிவப்புக் குழாய்கள் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தன. மற்றக் கையில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் போன் இருந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்து, "ஓடக் கம்பெனியா? வாங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க" என்றார். ஐம்பதைத் தாண்டிய வயது. பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, வாரி முடிந்த கொண்டை. இடது கையில் நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. அதில் இரண்டு தடித்த ஊசிகள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்து முடிச்சிட்டீங்கன்னா பேசலாம்" என்றார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். நாங்க யாரோ காலேஜ் பையன்னு..."

"நான் வக்கீல். ஸ்ரீரங்கத்துல வீடு. குடும்ப கோர்ட்ல வாதாடுறேன், இந்த மூணு நாள் தவிர." பிறகு வலது கையால் போனை உயர்த்திக் காட்டினார். "இந்தக் கட்டில்ல நாலு மணி நேரம் படுத்திருக்கணும். எனக்கு இருக்கறது ஒரு கை. உங்க ஓடம் ரெண்டு கை இல்லாம திரும்ப மாட்டேங்குது. நான் எப்படி ஆடுறேன்னு பாருங்க."

போனை வயிற்றின்மேல் ஒரு தலையணையில் சாய்த்து வைத்து, மணிக்கட்டால் தலையணையையே அமுக்கி அமுக்கிச் சாய்த்தார். ஓடம் தள்ளாடித் தள்ளாடித் திரும்பியது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு கையாலும் யாரும் எளிதில் தாண்டாத கட்டம் அது. அவர் தலையணையால் தாண்டிக்கொண்டிருந்தார். நடுவில் மெஷின் கூவியது. நர்ஸ் வந்து குழாயைச் சரிசெய்து, பிரஷர் பார்த்துவிட்டுப் போவதற்குள் ஓடம் பாறையில் மோதி உடைந்து, கதை ஆரம்பத்திலிருந்து ஓடத் தொடங்கியது. அவர் என்னைப் பார்த்தார்.

பிறகு ஒரு படத்தைத் திறந்து காட்டினார். போன் திரையை அப்படியே பிடித்து வைத்திருந்த படம். எங்கள் விளையாட்டில் தினமும் வந்தால் கரையில் ஒரு விளக்கு எரியும். ஒருநாள் வராவிட்டால் அத்தனை விளக்கும் அணைந்துவிடும். ஆட்களைத் தினமும் வரவழைக்க நாங்கள் செய்த ஏற்பாடு. படத்தில் கரை இருண்டு கிடந்தது. கீழே எங்கள் வாசகம்: 'எங்கே போயிருந்தீர்கள்? உங்கள் விளக்குகள் காத்திருந்து அணைந்துவிட்டன.'

"நுரையீரல்ல தண்ணி சேர்ந்து ஐசியூல கிடந்தேன். கண்ணைத் திறந்து, போனைக் கையில வாங்குனதும் இதுதான் வந்துச்சு. இதை எழுதினது யாரு?"

"எங்க லீடர் மேடம்."

"நல்ல தமிழ் வருது அவருக்கு. சொல்லிடுங்க."

அவர் குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நிஜமாகவே பாராட்டினார்.

இப்போது அவர் திருச்சியில் இல்லை. மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். நானும் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டேன். ஆனால் அன்று தொடங்கி ஒரு வருஷத்துக்கும் மேலாக, சனிக்கிழமைகளில் அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக ஒரு கட்டம் செய்தால் அவர் கையில்தான் முதலில் கொடுப்பேன்.

அவருக்குத் தோற்பதில் வருத்தமே கிடையாது. அதுதான் எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரே சுழலில் பத்துத் தடவை கவிழ்ந்தாலும், "இது என் தப்பு, சீக்கிரம் திரும்பிட்டேன்" என்று அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார். ஆனால் கண்ணுக்குத் தெரியாத பாறை ஒன்றில் மோதிவிட்டால் போதும், போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். "தோத்தா பரவாயில்லம்மா. எதுல தோத்தேன்னு தெரியணும்" என்பார். இதை அவர் சொல்லாத சனிக்கிழமை இல்லை.

கோர்ட்டிலும் அப்படித்தானாம். ஒருமுறை கட்சிக்காரப் பெண் ஒருத்தி மருத்துவமனைக்கே தேடி வந்துவிட்டாள். விவாகரத்து வழக்கு. மகன் தன்னிடமே இருக்க வேண்டும் என்பது அவள் கோரிக்கை. இவர் படுத்தபடியே அவளிடம், "உங்க கேஸ் தோத்துடும். நானே அந்தப் பக்கம் நின்னா எங்க அடிப்பேன்னு சொல்றேன், கேட்டுக்குங்க" என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பெண் விம்மிக்கொண்டே கேட்டாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. அவள் போன பிறகு, "இவ்வளவு அப்பட்டமா சொல்லணுமா மேடம்?" என்றேன். "ஜெயிக்கப் பாப்பேன். ஆனா தீர்ப்பு வர்ற அன்னைக்கு அவங்களுக்கு அது புதுசா இருக்கக் கூடாது" என்றார். வழக்கு தோற்றது. அந்தப் பெண் பிறகு தன் தங்கையின் வழக்கையும் இவரிடமே கொண்டுவந்தாள்.

அவருடைய தம்பிக்கு மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக் கடை. சனிக்கிழமைகளில் அக்காவை வீட்டுக்கு அழைத்துப்போக அவர்தான் வருவார். சாதுவான மனிதர். நுழையும்போதே செருப்புச் சத்தம் கேட்காமல் நுழைவார். "அக்கா பொண்ணு சின்னதா இருந்தப்ப கேரம் ஆடுவாங்க. அது தோத்துத் தோத்துத் தேம்பித் தேம்பி அழும். அக்கா பாட்டுக்கு அடுத்த காயைப் போட்டுட்டு இருக்கும். ஒரு தடவை விட்டுக் கொடுத்தாத்தான் என்னன்னு எங்க அம்மாவே சண்டை போட்டாங்க" என்று ஒருநாள் சொன்னார். அதற்கு இவர், "பத்தாவது படிக்கறப்ப அவ என்னை நிஜமாவே ஜெயிச்சா. தெருவுல போய்க் கத்தினா. அந்த ஜெயிப்பு அவளோடது" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய் இருந்தார். பாலக்கரையில் மரக்கடை வைத்திருந்தவர். அவருக்கும் எங்கள் ஓடத்தைப் பழக்கிவிட்டிருந்தார் வக்கீலம்மா. "பாலத்தைத் தாண்டிட்டீங்களா பாய்?" "இன்ஷா அல்லாஹ், இன்னைக்குத் தாண்டிருவேன்மா." இதுதான் இருவருக்கும் பேச்சு. ஒரு சனிக்கிழமை அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. வேறு ஒருவர் படுத்திருந்தார்.

"பாய் எங்க?" என்று வக்கீலம்மா நர்ஸைக் கேட்டார்.

"அவரைக் காலை ஷிஃப்ட்டுக்கு மாத்திட்டாங்க மேடம்."

"இறந்துட்டாரா?"

நர்ஸ் குழாயைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கு என்னையும் காலை ஷிஃப்ட்டுக்கு மாத்திட்டதா இவங்ககிட்ட எல்லாம் சொல்லுவீங்க. அப்படித்தானே?"

சுற்றி இருந்த கட்டில்களில் ஒரு போனிலிருந்தும் சத்தம் வரவில்லை. நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "வியாழக்கிழமை மேடம். வீட்ல, தூக்கத்துல" என்றாள். இவர் தலையசைத்தார். "இப்ப அவருக்காக வருத்தப்படலாம். மாத்திட்டாங்கன்னு சொன்னா யாருக்காக வருத்தப்படறது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவர் ஆடவில்லை.

எங்கள் லீடர் எதையும் மாற்றச் சம்மதிக்கவில்லை. "ஒரு ஆளுக்காகப் பூராவையும் மாத்துறதா?" என்றார். ஒரு சனிக்கிழமை வலுக்கட்டாயமாக அவரைக் கூட்டிப்போனேன். கதவு வரைதான் வந்தார். கட்டில் கட்டிலாகக் கட்டிப்போட்ட கைகளையும், மற்றக் கைகளில் போன்களையும், அவற்றில் சிலவற்றில் எங்கள் ஓடத்தையும் பார்த்தார். உள்ளே நுழையாமலே படியிறங்கிப் போய்விட்டார். திங்கட்கிழமை வந்து, ஒரு விரலால் ஆடும்படி மாற்று, விளக்கு அணைகிற சமாசாரத்தை எடுத்துவிடு என்றார்.

அதன்பின் ஒரு சனிக்கிழமை நான் போகும்போது வக்கீலம்மா ஒரு போனுக்குப் பதில் இரண்டு வைத்திருந்தார். ஒன்று மகளுடைய பழைய போன். முகம் இறுகியிருந்தது.

"போன வாரம் பாலத்தைத் தாண்டினேன். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்புறம் என்னமோ உறுத்துச்சு. இந்தப் பழைய போன்ல புதுசா ஆரம்பிச்சு, வேணும்னே தோத்துப் பாத்தேன். விடாம தோத்தா தண்ணி வேகம் குறையுதே. உண்டா இல்லையா?"

"உண்டு மேடம்" என்றேன். "விடாம தோத்துட்டே இருந்தா வெறுத்துப் போய் விட்டுடுவாங்க. அதனால கொஞ்சம் இளக்கி விடுவோம். தெரியாத மாதிரி. எல்லா விளையாட்டுலயும் செய்யறதுதான்."

"தெரியாத மாதிரி" என்று திருப்பிச் சொன்னார். "அப்ப நான் தாண்டல. நீங்க தூக்கி அக்கரையில வச்சிருக்கீங்க. பாவம் பாத்து."

அவர் இரண்டு போனையும் கவிழ்த்து வைத்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பி டிபன் கேரியரோடு வந்தார். வழக்கம்போல அக்காவின் காலடியில் நின்று, "முடிஞ்சிருச்சாக்கா?" என்று கேட்டார்.

வக்கீலம்மா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோர்ட்டில் கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார். "எனக்குக் கிட்னி கொடுக்கறதுக்கு டெஸ்ட் எடுத்தியே. எது சேரலைன்னு சொன்னாங்க?"

தம்பி என்னைப் பார்த்தார். "இப்ப எதுக்குக்கா அது?"

"சொல்லு."

"குரூப்பு சேரலைன்னாங்க."

"ரத்த குரூப்பா?"

"ஆமாக்கா."

"பாப்பா பொறந்தப்ப எனக்கு ரத்தம் நிக்கல. யாரோட ரத்தத்தை ஏத்துனாங்க?"

"என்னோடதைத்தான்க்கா" என்றார் தம்பி. நான் எழுந்தேன். எழுந்தவள் எங்கே போவது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவர் உயிருக்காகச் செய்த சோதனை, அதன் முடிவு பொய், அதைச் சொன்னது சொந்தத் தம்பி. வக்கீலம்மாவோ குரலைக்கூட உயர்த்தவில்லை.

"பயமா இருந்துச்சுக்கா" என்றார் தம்பி. "எல்லாம் சேருதுன்னுதான் சொன்னாங்க. சின்னவன் அப்ப கைக்குழந்தை. கடையில நான் ஒருத்தன்தான். ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. டாக்டர்கிட்ட அழுதுட்டேன். பொருந்தலைன்னு வெளிய சொல்லிடுறேன், உங்களுக்கும் சங்கடம் இல்ல, அக்காவுக்கும் சங்கடம் இல்லைன்னு அவர்தான் சொன்னாரு." பிறகு மெதுவாகக் கேட்டார். "உனக்கு எப்பக்கா தெரியும்?"

"நீ வந்து சொன்ன அன்னைக்கே."

"ரெண்டு வருஷமாவா? அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கொடுத்துடுறேன்க்கா. நாளைக்கே வந்து கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

"பயம் போயிடுச்சா?"

"இல்லக்கா."

"அப்ப வேணாம். மாட்டேன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்குடா. அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். புள்ள குட்டிக்காரன், பயப்படத்தான் செய்வே. ஆனா பாவம், தம்பி தன்னால முடிஞ்சதைப் பாத்தான்னு நான் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, அதை நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தியே. அதுதான் எனக்குத் தாங்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "எழுந்திரு. கேரியரைத் திற. என்ன கொண்டு வந்த?"

"இட்லிக்கா."

"இவங்களுக்கும் ஒண்ணு வை."

அந்த வாரமே, தண்ணீர் வேகத்தை ரகசியமாகக் குறைப்பதை எடுத்துவிட்டேன். பலமுறை தோற்றவரிடம் 'ஆற்றை மெதுவாக்கட்டுமா?' என்று விளையாட்டு கேட்கும்படி செய்தோம். அவர் ஒருமுறைகூட 'சரி'யை அழுத்தியதில்லை. தம்பி அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதன்பின் செவ்வாயும் வியாழனும்கூட வந்தார். இருவரும் முன்னைவிட அதிகமாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பதிவு செய்து காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு புதன்கிழமை அவர் கோர்ட்டில் இருக்கும்போது உறுப்பு கிடைத்திருப்பதாக அழைப்பு வந்தது என்றும், அங்கிருந்தே மருத்துவமனைக்குப் போய்விட்டார் என்றும் தம்பி எனக்குச் சொன்னார். விபத்தில் மூளைச் சாவு அடைந்த ஒருவருடைய உறுப்பு. அறுவை நல்லபடியாக முடிந்தது. தொற்று வரும் என்று மூன்று மாதம் யாரையும் பார்க்க விடவில்லை.

அந்தப் புதனுக்கு மறுநாள் பேப்பரில் திருச்சிப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. எடமலைப்பட்டி புதூரில், வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு வாலிபன்மேல் லாரி மோதியதும், பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்ததும். படமும் போட்டிருந்தார்கள். என் தம்பி வயதுதான் இருக்கும். அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பேர் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்கிறவரிடம் இதை மறைப்பது சரியில்லை என்று தோன்றியது.

பார்க்க அனுமதித்ததும் ஸ்ரீரங்கம் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி பிளாட். முகத்தில் வீக்கம் வற்றி, வேறு ஆள்போல இருந்தார். தம்பி அங்கேதான் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், அன்னைக்குப் பேப்பர்ல ஒரு செய்தி வந்துச்சு" என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "பேரைச் சொல்லாதீங்க. யாருன்னு ரெண்டு பக்கமும் தெரியக் கூடாதுங்கறது விதி. பதியும்போதே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க."

"தெரிஞ்சுக்கணும்னு தோணலையா மேடம்?"

"தோணாமலா? அந்தப் பேப்பர் இந்த வீட்டுக்கும் வருதும்மா. ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம் நானும் எடுத்துப் பாத்தேன். சேதி படிச்சேன், பேரு இருந்த இடத்தைக் கையால மறைச்சுக்கிட்டேன்." நிறுத்தினார். "போன வாரம் ஆட்டோ வச்சுக்கிட்டு புதூர் வரைக்கும் போயிட்டேன்."

தம்பி சட்டென்று நிமிர்ந்தார். அவருக்கும் இது தெரியாது. "அக்கா, நீ வெளியவே போகக் கூடாதுன்னு..."

"போயிட்டேன்டா. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல நிறுத்தச் சொன்னேன். மெயின் ரோட்லயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. மழையில பாதி கிழிஞ்சிருந்துச்சு. இறங்கி யாரையாவது கேட்டா வீட்டைக் காட்டிடுவாங்க. கேட்டு? நன்றின்னு சொல்றதா, மன்னிச்சிருங்கன்னு சொல்றதா? எதைச் சொன்னாலும் அந்த அம்மா எனக்கு ஒரு பதில் சொல்லியாகணும். புள்ளையைப் பறிகொடுத்தவங்கள வாசல்ல நிறுத்திப் பதில் கேக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?"

கீழே தெருவில் பூக்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்.

"திரும்பி வந்துட்டேன்" என்றார். "அவன் எனக்குப் பேரில்லாமயே இருக்கட்டும். தம்பி, அந்தச் சொம்பை எடு."

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். தாகம் தாங்காமல் அவர் ஐஸ்கட்டியைச் சப்பிக்கொண்டு கிடந்த நாட்களைத் தம்பி பார்த்திருக்கிறார். இப்போது டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார். தம்பி சொம்பைக் கொண்டுவந்தார். அவர் அண்ணாந்து, நடுவில் மூச்சுக்குக்கூட நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைத் தம்பியும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வெறும் சொம்பைத் தம்பியிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.